கத்தரி எடுப்பதற்கு முன்: துணியின்மேல் காகித மாதிரிகளை அடுக்கும் முறை

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்திலிருந்து தையல் பழக வரும் பெண்களில் பலர் ஏற்கெனவே கத்தரி பிடித்துத் தேர்ந்தவர்கள். பீடி இலையின்மேல் அளவுத் தகட்டை வைத்து, நடுநரம்பையும் ஓட்டையையும் ஒதுக்கி, ஓர் இலையில் இன்னொரு துண்டு தேறுமா என்று கண்ணாலேயே அளந்து வெட்டுகிற கை அவர்களுடையது. நிறுத்து வாங்கிய இலைக்கு இத்தனை பீடி என்று கடையில் கணக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு மூலையையும் வீணாக்காத சிக்கனம் அந்தக் கையில் ஊறியிருக்கும். துணி வெட்டுவதற்கு அந்தச் சிக்கனம் உதவுகிறது. ஆனால் பாதி அளவுக்குத்தான் உதவுகிறது. இடம் கண்ட பக்கமெல்லாம் தகட்டைத் திருப்பி வைக்கும் பழக்கத்தோடு துணியை அணுகினால் துணி மிஞ்சும், சட்டை கோணிக்கொள்ளும். துணிக்குத் திசை இருக்கிறது. அந்தத் திசையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கி மிச்சம் பிடிப்பதே அடுக்கும் வேலை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

துணியைத் தயார் செய்தல்

அடுக்குவதற்கு முன் துணி தன் உண்மையான அளவுக்கு வந்திருக்க வேண்டும். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். ஊடைவாட்டைவிட, அதாவது அகலத்தைவிட, பாவுவாட்டில், அதாவது நீளத்தில், பெரும்பாலும் அதிகமாகச் சுருங்கும். நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும் துணியில் 1 மீட்டர் வாங்கினால் 4 சென்டிமீட்டர் போய்விடும், அது ஒரு ஜாக்கெட்டின் கீழ் மடிப்பு முழுவதற்கும் சமம். ஆகவே பருத்தியையும் லைனிங் துணியையும் தனித்தனியாகச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். பட்டையும் ஜரிகைத் துணியையும் நனைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றுக்குள் வைக்கும் லைனிங்கைக் கட்டாயம் நனைக்க வேண்டும். நனைக்காத லைனிங் பிறகு சுருங்கும்போது மேல்துணியையும் உள்ளே இழுத்து, முதுகுப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதைப் பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இஸ்திரி போடும்போது கடையில் மடித்து வைத்திருந்த நடுமடிப்பைக் கவனியுங்கள். நீண்ட நாள் அடுக்கில் இருந்த துணியில் அந்த மடிப்பு வெளுத்தோ, அழுக்குக் கோடாகவோ பதிந்திருக்கும். இஸ்திரியில் அது போகவில்லை என்றால் மறுபடியும் அதே இடத்தில் மடிக்காமல், அந்தக் கோடு எந்தத் துண்டின் நடுவிலும் வராதபடி மடிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, வெட்டிய முனையை நேராக்குதல். கடையில் கிழித்துக் கொடுத்த பருத்தித் துணி ஊடை நூலை ஒட்டியே கிழிந்திருப்பதால் முனை நேராக இருக்கும். கத்தரியால் வெட்டிக் கொடுத்தது அநேகமாகக் கோணலாகத்தான் இருக்கும். அப்படியானால் முனைக்குப் பக்கத்தில் ஊடை நூல் ஒன்றைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். நூல் போன தடம் துணியில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். பிறகு துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துத் தரையில் வையுங்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி, மடிப்பு அலையில்லாமல் படிந்தால் துணி சரியாக இருக்கிறது. மடிப்பு முறுக்கிக்கொண்டு நின்றால் நெய்த நூல்கள் கோணியிருக்கின்றன என்று பொருள். குறைந்து நிற்கும் எதிரெதிர் மூலைகள் இரண்டையும் இருவர் பிடித்து மூலைவாட்டில் நிதானமாக இழுத்து, மறுபடியும் இஸ்திரி போட வேண்டும். அச்சுத் துணியில் நூல் நேராக இருந்தும் அச்சு மட்டும் கோணியிருப்பதுண்டு. அதை எந்த இழுப்பும் சரிசெய்யாது என்பதால், அத்தகைய துணியை வாங்கும்போதே விரித்துப் பார்த்து விலக்குவது நல்லது.

இடம் பற்றி ஒரு சொல். வெட்டும் மேசை இல்லாத வீடுகளில் பட்டாசலின் (முன்கூடத்தின்) சிமெண்ட் தரையே போதும். டைல்ஸ் போட்ட தரை இன்னும் வசதியானது, ஏனெனில் ஓடுகள் சேரும் கோடு துணியின் விளிம்பை நேராக வைக்க வழிகாட்டும். பாயின்மேல் விரிக்க வேண்டாம்; பத்தமடைப் பாய் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கோரையின் வரிகள் சாக்குக் (சாக்பீஸ்) கோட்டைத் துள்ளச் செய்யும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும்போது மின்விசிறியை நிறுத்தினால் மட்டும் போதாது, மேற்குப் பக்கத்துச் சன்னலையும் சாத்த வேண்டும். அடுக்கி முடித்த பதினொரு தாள்களும் ஒரு நொடியில் முற்றத்துக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பாவு, ஊடை, மூலைவாட்டு

தறியில் நீளமாகக் கட்டப்பட்டு இழுவிசையில் நிற்பது பாவு நூல். அதன் குறுக்கே ஓடி இரு பக்கமும் திரும்புவது ஊடை நூல். ஊடை திரும்பும் இடமே துணியின் விளிம்பு, எனவே விளிம்பு எப்போதும் பாவுக்கு இணையாகத்தான் இருக்கும். நெசவு ஊரான வீரவநல்லூரில் ஒரு தறியின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாவு நூல் இழுத்துக் கட்டியே நெய்யப்பட்டதால் உடுத்தும்போதும் அதிகம் நீளாது, உடலின் நீளவாட்டில் தொங்கும்போது நேராகத் தொங்கும். ஊடை கொஞ்சம் இளகிக்கொடுக்கும். இரண்டுக்கும் நடுவே, 45 பாகைச் சாய்வில் இழுத்தால் துணி ரப்பர் போல நீளும். அதுவே மூலைவாட்டு, கடைப் பேச்சில் கிராஸ்.

விளிம்பு இல்லாத வெட்டுத்துண்டு கையில் கிடைத்தால் இரு கைகளாலும் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். நீளாமல், கணீரென்ற ஓசையோடு நிற்கும் பக்கம் பாவு. ஓசை மந்தமாகவும் இழுப்பு சற்றுத் தளர்வாகவும் இருப்பது ஊடை. சில துணிகளில் இது தெளிவாகத் தெரியாது. அப்போது வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பக்கத்து நூல்கள் நெருக்கமாகவும் நேராகவும் ஓடுகின்றன என்று பார்க்கலாம்.

நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். அச்சுத் துணியில் நிறம் பளிச்சென்று இருப்பது நல்ல பக்கம்; புட்டா (சிறு பூ வேலைப்பாடு) நெய்த துணியில் நூல் மிதந்து நிற்பது உள்பக்கம். இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும் வெறுந்துணிதான் ஏமாற்றும். விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த இரு பக்கங்கள் வெயிலில் வெவ்வேறு நிறமாகத் தெரிவதுண்டு. ஒரு பக்கத்தை உள்பக்கமென்று நீங்களாகவே தீர்மானித்து, துணி முழுவதும் சாணுக்கு ஒரு சாக்குப் பெருக்கல் குறி இட்டுவிட்டால் பிறகு குழப்பம் வராது.

தாளில் எழுத வேண்டியவை

காகித மாதிரியைச் செய்தித்தாளில் வெட்டினாலும் பழுப்புத் தாளில் வெட்டினாலும், ஒவ்வொன்றின் மேலும் சில செய்திகள் எழுதியிருக்க வேண்டும்: எந்தப் பகுதி, எத்தனை வெட்ட வேண்டும், மடிப்பில் வைக்க வேண்டுமா, தையலுக்கு விடும் ஓரம் சேர்த்ததா சேர்க்காததா, மேல் எது கீழ் எது. இவற்றோடு, தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு நீண்ட நேர்கோடு. இது பாவின் திசையைக் காட்டும் நூல்கோடு. நீளமாகப் போட்டால்தான் பயன்படும், இரண்டங்குலக் கோட்டை வைத்துக்கொண்டு எதையும் நேராக்க முடியாது.

எண்ணிக்கையை எழுதுவது அற்பமாகத் தோன்றும். நான் கற்றுக்கொண்ட புதிதில், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகும்போது உடுத்துவதற்காக என் மதினிக்கு ஒரு ஜாக்கெட் வெட்டினேன். மடிக்காத ஒற்றைத் துணியில் முன்பக்கத் தாளை வைத்து ஒன்று வெட்டினேன், நகர்த்தி வைத்து இன்னொன்று வெட்டினேன். இரண்டையும் மேலே வைத்துப் பார்த்த மதினி, “ஏட்டி, ரெண்டும் ஒரே பக்கமால்லா இருக்கு” என்றாள். உள்பக்கம் தெரியும் பட்டுத்துணியில் ஒன்றைப் புரட்டிப் போட்டுச் சமாளிக்கவும் வழியில்லை. ஒற்றைத் துணியில் வெட்டும்போது இரண்டாம் முறை தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்று நம்பாமல் இரண்டு தாள்களாகவே வெட்டி, ஒன்றில் வலது, மற்றதில் இடது என்று எழுதிவிடுவதே என் வழக்கமாகிவிட்டது. கைகளுக்கும் இதே விதி, ஏனெனில் கையின் மேல்வளைவு முன்புறம் ஆழமாகவும் பின்புறம் ஆழம் குறைந்தும் இருக்கும்.

எப்படி மடிப்பது

துணியை மடிக்கும் விதம்தான் அடுக்கின் பாதி. வழக்கமானது, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி விளிம்போடு விளிம்பு சேர்த்து நீளவாட்டில் மடிப்பது. இதில் வெட்டினால் வலதும் இடதும் தாமாகவே கிடைக்கும். சேலைத் துண்டிலும் அகலம் குறைந்த துணியிலும் வெட்டுமுனையோடு வெட்டுமுனை சேர்த்துக் குறுக்குவாட்டில் மடிக்க நேரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அச்சிலுள்ள பூக்கள் துணியின் நீளவாட்டில் நிமிர்ந்து நிற்குமானால், குறுக்குவாட்டில் மடித்தவுடன் மேலடுக்கில் பூ நேராகவும் கீழடுக்கில் தலைகீழாகவும் ஆகிவிடும். அதற்கு மாற்று, மடிப்புக் கோட்டிலேயே துணியை இரண்டாக வெட்டி, மேலடுக்கைத் திசை ஒத்துப்போகும்படி சுழற்றி, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து மறுபடி வைப்பதுதான்.

மூன்றாவது மடிப்பை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை, துணி மிச்சமாவது அதில்தான். துணியைப் பாதியாக மடிக்காமல், வைக்கப்போகும் தாளின் அகலத்துக்கு மட்டும் மடித்து, மீதியை ஒற்றையாக விடுவது. பின்பக்கம் போன்ற ஒரே ஒரு துண்டுக்காகத் துணி முழுவதையும் பாதியாக மடித்தால் மிச்சம் இரு பக்கமும் இரண்டு மெல்லிய பட்டைகளாகச் சிதறும். பகுதி மடிப்பில் அந்த மிச்சம் ஒரே அகலமான துண்டாகக் கையில் நிற்கும். மடித்த பகுதி மேலும் கீழும் ஒரே அகலமா என்று டேப் வைத்து இரண்டு இடத்திலாவது பாருங்கள். ஜார்ஜெட் போன்ற வழுக்கும் துணியையும், பெரிய கட்டம் போட்ட துணியையும் மடிக்காமல் ஒற்றையாக விரித்து வெட்டுவதே பாதுகாப்பு.

அடுக்கும் ஒழுங்கு

எல்லாத் தாள்களும் துணியின்மேல் இடம் பிடித்த பிறகுதான் முதல் வெட்டு. சிறிய துண்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவற்றை வெட்டிவிட்டவர்களே கொக்கிப் பட்டிக்குத் துணி தேடி அலைகிறார்கள்.

முதலில் மடிப்பில் வைக்க வேண்டிய பெரிய துண்டுகளை வையுங்கள். தாளின் நடுக்கோடு மடிப்பின்மேல் சரியாகப் படிய வேண்டும். மடிப்புக்கு வெளியே கால் அங்குலம் தள்ளி வைத்தால் விரித்த துண்டில் அரை அங்குலம் குறையும், உள்ளே தள்ளினால் கழுத்து அரை அங்குலம் அகன்று தோளிலிருந்து நழுவும். பிறகு முன்பக்கம், கை ஆகியவை. இவற்றை வைக்கும்போது நூல்கோட்டின் மேல்முனையிலிருந்து விளிம்புவரை அளந்து, கீழ்முனையிலிருந்தும் அளக்க வேண்டும். மேலே 7¼ அங்குலம் என்றால் கீழேயும் 7¼ இருக்க வேண்டும். முதலில் ஒரு முனையில் மட்டும் குண்டூசி குத்தி, அதை அச்சாக வைத்துத் தாளைச் சிறிது சிறிதாகச் சுழற்றி மறுமுனையைச் சரிசெய்தால் வேலை எளிது. கண்ணளவை மட்டும் நம்ப வேண்டாம். தாளின் ஓரங்கள் வளைந்தும் சரிந்தும் இருப்பதால் கண் அவற்றோடு ஒத்துப்போய், கோணலை நேரென்று சொல்லிவிடும்.

இந்த அளவைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது தைத்த அன்று தெரியாது. சுடிதார் பேண்டின் ஒரு கால் மட்டும் நூல்கோட்டிலிருந்து விலகியிருந்தால் இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு அந்தக் காலின் பக்கத் தையல் மெல்லத் திரும்பி முழங்காலின் முன்னால் வந்து நிற்கும். பாவாடையானால் கீழ்விளிம்பு ஒரு பக்கம் தொங்கும். தைத்தவரைக் குறை சொல்லுவார்கள். தவறு அடுக்கியதில் இருக்கும்.

பெரியவை அமர்ந்த பிறகு, நேரான ஓரங்கள் விளிம்பையோ ஒன்றையொன்றோ ஒட்டியிருக்கும்படி நகர்த்துங்கள். ஒன்றின் குழிவுக்குள் இன்னொன்றின் முனை புகும்படி வைப்பது மிச்சத்துக்கு வழி. கைக்குழி வளைவின் பக்கத்துக் காலியிடத்தில் கொக்கிப் பட்டி அடங்கும்; இரண்டு கைகளின் மேல்வளைவுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் கழுத்துக்கான உள்பட்டி அடங்கும். விளிம்பு சில துணிகளில் இறுக்கமாக நெய்யப்பட்டு, துவைத்தால் தனியாகச் சுருங்கும். அத்தகைய விளிம்பைத் துண்டுக்குள் சேர்க்காமல் அரை அங்குலம் விட்டுவிடுங்கள்.

பைப்பிங்குக்கும் கழுத்துப் பட்டிக்கும் மூலைவாட்டுத் துணி வேண்டும் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதற்குச் சிதறிய துண்டுகள் பயன்படா, ஒரு சதுரமாக ஒதுக்கி வைக்க வேண்டும். கணக்கு எளியது: சதுரத்தின் பரப்பைப் பட்டையின் அகலத்தால் வகுத்தால் கிடைக்கும் மொத்த நீளம் வரும். 10 அங்குலச் சதுரத்தில் 1¼ அங்குலப் பட்டை வெட்டினால் 80 அங்குலம். இணைப்புகளில் கொஞ்சம் கழியும்.

மேல் கீழ் பார்க்க வேண்டிய துணிகள்

உள்பாவாடையை எடுத்துக்கொண்டால் திசையின் விலை ரூபாயிலேயே தெரியும். ஆறு பீஸ் உள்பாவாடையில் ஒவ்வொரு துண்டும் மேலே 8 அங்குலம், கீழே 13 அங்குலம், நீளம் 39 அங்குலம் என்று கொள்வோம். துணியின் அகலம் 36 அங்குலம். வெறுந்துணியில் ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றி வைக்கலாம்: 13, 8, 13 சேர்ந்து 34 அங்குலம், ஆகவே ஒரு வரிசையில் மூன்று துண்டு. இரண்டு வரிசைக்கு 78 அங்குலம், அதாவது 2 மீட்டருக்குள் முடிந்துவிடும். அதே பாவாடையை மேல்நோக்கிய பூ அச்சுள்ள துணியில் வெட்டினால் எதையும் தலைகீழாக்க முடியாது. ஒரு வரிசையில் இரண்டு துண்டுதான் வரும், மூன்று வரிசைக்கு 117 அங்குலம், ஏறக்குறைய 3 மீட்டர். இடுப்புப் பட்டியை இரண்டிலும் ஓரத்து மிச்சத்தில் எடுக்கலாம். மேல் கீழ் பார்த்து வாங்காதவர்கள் அந்த ஒரு மீட்டருக்காக மறுபடியும் திருநெல்வேலி டவுண் ரத வீதிக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அதற்குள் அந்தத் துணி விற்றுப்போயிருக்கும்.

அச்சு இல்லாத துணியிலும் திசை இருக்கலாம். வெல்வெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். இழை மேல்நோக்கி நிற்கும்படி வெட்டினால் நிறம் ஆழமாகவும், கீழ்நோக்கி வெட்டினால் வெளிறியும் தெரியும். இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும். மயில் கழுத்து நிறப் பட்டு போல, பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் கொண்ட துணியில் ஒரு துண்டை மட்டும் குறுக்கே திருப்பி வெட்டினால் அது வேறு துணியில் வெட்டியது போலவே தோன்றும். சந்தேகமுள்ள துணியைச் சன்னலோரம் தொங்கவிட்டு, பாதியை மேல் கீழாக மடித்துச் சேர்த்து, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள்.

ஒரு சேலைத் துண்டு, கணக்கோடு

வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரே சொல்வது போல அதன் புட்டா செடி. செடிக்கு மேலும் கீழும் உண்டு என்பதால், அடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள இத்தகைய துணியைவிட நல்ல ஆசிரியர் இல்லை. சேலையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துண்டில் புட்டா இருந்தால் முதலில் கவனிக்க வேண்டியது, செடியின் அடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே. உடுத்தும்போது நிமிர்ந்து நிற்கும்படி நெய்த புட்டாவானால் அடி கீழ்க்கரையையும் நுனி மேல்கரையையும் நோக்கும், அதாவது செடி ஊடைவாட்டில் நிற்கும். இங்கேதான் இரண்டு விதிகள் மோதுகின்றன: பாவு உடலின் நீளத்தில் வர வேண்டும் என்பது ஒன்று, செடி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. கையின் ஓரத்தில் கரை வர வேண்டும் என்று எல்லோரும் கேட்பதால் கை எப்படியும் ஊடைவாட்டில்தான் வெட்டப்படும்.

என் முடிவு, லைனிங் வைத்த ரவிக்கையானால் உடல் துண்டுகளையும் ஊடைவாட்டிலேயே வெட்டலாம் என்பது. இழுவிசையைத் தாங்க லைனிங்கைப் பாவுவாட்டில் வெட்டினால் போதும். லைனிங் இல்லாமல் தைப்பதாக இருந்தால் உடலைப் பாவுவாட்டில் வெட்டி, செடி படுத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கைக்காரரிடம் முன்கூட்டியே காட்டிக் கேட்டுவிடுவது மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

துண்டின் நீளம் 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம். அகலம் 3 அங்குலக் கரைகள் இரண்டையும் சேர்த்து 46 அங்குலம். மார்பளவு 36, கை நீளம் 6. தையலுக்கு விட்டதையும் சேர்த்து, ஒரு கை 15 அங்குல அகலம், 7½ உயரம். முன்பக்கம் ஒவ்வொன்றும் 12 அகலம், 14 உயரம், கீழ்ப்பட்டி தனி. பின்பக்கம் 22 அகலம், அதாவது மடிப்பில் 11, உயரம் 16. முதலில் துண்டை ஒற்றையாக விரித்துக் கீழ்க்கரையிலிருந்து அளந்து சாக்கால் கோடுகள் இடுங்கள். கரையிலிருந்து 7½ வரை கைகள், 21½ வரை முன்பக்கங்கள், 37½ வரை பின்பக்கம். அதற்கு மேல் மேல்கரையோடு சேர்ந்து 8½ அங்குலப் பட்டை மிஞ்சும். எல்லாத் துண்டுகளின் கீழ்ப்பக்கமும் கீழ்க்கரையையே நோக்கியிருக்க வேண்டும்.

கணக்கு ஒத்துவந்தது என்று உறுதியான பிறகு, துண்டை வெட்டுமுனையோடு வெட்டுமுனை சேர்த்துப் பாதியாக மடியுங்கள். அகலம் 15¾ ஆகும். மடிப்புக் கோடு செடி நிற்கும் திசைக்கு இணையாக ஓடுவதால் இரண்டடுக்கிலும் செடி நிமிர்ந்தே நிற்கும். 15 அங்குலக் கைத்தாளை அதில் வைத்தால் முக்கால் அங்குலம் மிஞ்சி இரண்டு கைகளும் ஜோடியாகக் கிடைக்கும். அதன் மேல் 12 அங்குல முன்பக்கம். இந்த இரண்டையும் தாங்கிய 21½ அங்குலப் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பிரித்துவிட்டு, மீதித் துணியை விரித்து, 11 அங்குலத்துக்கு மட்டும் பகுதி மடிப்பாக மடித்துப் பின்பக்கத்தை வையுங்கள். பக்கத்தில் 9½ அகலமும் 16 உயரமும் உள்ள துணி ஒற்றையாக நிற்கும். அதில் 9½ அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்தால் 1¼ அங்குல மூலைவாட்டுப் பட்டை ஏறக்குறைய 72 அங்குலம் கிடைக்கும். கழுத்துக்கும் முதுகுக் கயிற்றுக்கும் அது போதும். மேல் பட்டையில் கரை போக மிஞ்சும் 5½ அங்குலத்தில் இரண்டு கீழ்ப்பட்டிகள் வரும், மேல்கரை முதுகு அலங்காரத்துக்கு ஆகும்.

முன்பக்கத்தைக் கிராஸ் கட்டாகக் கேட்டால் இந்தக் கணக்கு செல்லாது. மூலைவாட்டில் வைத்த தாள் அதிக இடத்தை அடைக்கும், செடியும் சாய்ந்துவிடும். புட்டாத் துணிக்குக் கிராஸ் கட் வேண்டாம் என்றே நான் சொல்லுவேன். 80 சென்டிமீட்டர் என்று சொல்லப்படும் துண்டு உண்மையில் அவ்வளவு இருக்கிறதா என்பதையும், சேலையிலிருந்து பிரிப்பதற்கு முன்பே, டேப் வைத்துப் பாருங்கள்.

கட்டமும் கோடும்

பள்ளிச் சீருடைக் கட்டத் துணியில்தான் அடுக்கும் திறமை வெளிச்சத்துக்கு வரும். கட்டங்கள் பொருந்த வேண்டிய இடம் தையல் கோடே தவிர வெட்டுக்கோடு அல்ல. தாளின் ஓரங்களைப் பொருத்தி வெட்டியவர்கள் தைத்த பிறகு கட்டம் அரை அங்குலம் தள்ளி நிற்பதைப் பார்த்து வியப்பார்கள். முன்பக்கத் தாளில் கைக்குழியின் அடிப்புள்ளி எந்தக் கோட்டில் விழுகிறது என்று தாளின்மேலேயே பென்சிலால் கட்டத்தை வரைந்துகொண்டு, பின்பக்கத்தின் அதே புள்ளியை அதே கோட்டில் வையுங்கள். பக்கத் தையல் கீழ்வரை பொருந்திவிடும். மார்பு டாட்டுக்கு (பிடிப்புத் தையலுக்கு) மேலுள்ள பகுதி பொருந்தாமல் போனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. இருபுறமும் ஒரே அளவாக இல்லாத கட்டமானால், அதையும் மேல் கீழ் உள்ள துணியாகவே நடத்த வேண்டும். கட்டம் பெரிதாக இருந்தால் பெரிய துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தின் நீளம் கூடுதலாக வாங்குங்கள்.

போதாமல் வந்தால்

எப்படி நகர்த்தியும் ஒரு துண்டுக்கு இடமில்லை என்றால், நூல்கோட்டைச் சாய்க்கும் ஆசை எழும். அதற்கு முன் செய்யக்கூடியவை பல. வெளியே தெரியாத கொக்கிப் பட்டியையும் கழுத்து உள்பட்டியையும் லைனிங் துணியிலேயே வெட்டலாம். பின்பக்கத்தை மடிப்பில் வைக்காமல் நடுத்தையல் கொடுத்து இரண்டாக வெட்டினால் அடுக்கு மிகவும் இளகும். அப்போது நடுவில் தையலுக்கு அரை அங்குலம் சேர்க்க மறக்கக் கூடாது. கையை ஓர் அங்குலம் குறைக்கலாம். அக்குளுக்குக் கீழே சிறிய ஒட்டு வைக்கலாம், ஆனால் ஒட்டுத் துண்டின் நூலும் பெரிய துண்டின் நூலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். கழுத்துக்கு அருகிலும் தோளிலும் ஒட்டு வேண்டாம்.

கடைசிப் பார்வை

தாளைப் பிடித்து நிறுத்தக் குண்டூசியைத் தையலுக்கு விடும் ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள். பட்டில் ஊசித் துளை மறையாது. அதற்குப் பதில் எடைக்கற்களையோ கனமான சாவிக்கொத்தையோ வைத்து, சுற்றிச் சாக்கால் கோடிட்டுத் தாளை எடுத்துவிடலாம். மெழுகு கலந்த சாக்கு பட்டில் இஸ்திரிச் சூடு பட்டதும் எண்ணெய்க் கறையாக நிற்கும் என்பதால் முதலில் மூலையில் தேய்த்துப் பாருங்கள்.

பிறகு எழுந்து நின்று மேலிருந்து முழு அடுக்கையும் பாருங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் எழுதிய எண்ணிக்கையும் துணியில் உள்ளதும் ஒத்துப்போகின்றனவா, வலது இடது ஜோடி இருக்கிறதா, எல்லாத் துண்டுகளின் மேல்பக்கமும் ஒரே பக்கம் நோக்குகிறதா, மூலைவாட்டுச் சதுரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள். கறுப்பு, கருநீலத் துணிகளை இரவில் வெட்ட வேண்டாம், அடுக்கியதை அப்படியே மூடி வைத்துவிட்டுக் காலை வெளிச்சத்தில் தொடருங்கள்.

வெட்டும்போது துணியைக் கையில் தூக்காமல், கத்தரியின் கீழ்அலகு தரையைத் தொட்டபடியே நகர வேண்டும். துணி உங்கள் பக்கம் வராமல் நீங்கள்தான் துணியைச் சுற்றி நகர வேண்டும். பெரிய துண்டுகளை முதலில் வெட்டி, மடிக்காமல் கொடியிலோ நாற்காலி முதுகிலோ போடுங்கள். அடையாள வெட்டுகளைக் கால் அங்குலத்துக்கு மேல் ஆழமாக வைக்க வேண்டாம். தாளையும் துண்டையும் தைக்க உட்காரும்வரை பிரிக்காமல் ஒன்றாகவே வைத்திருங்கள், வெட்டுத்துண்டுகளை ரவிக்கை முழுதும் தைத்து முடியும்வரை ஒரு பையில் கட்டி வையுங்கள்.